கார் வைப்பரை எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மழையில் வைப்பர் ஓடினால் கண்ணாடியில் கோடு கோடாகத் தண்ணீர் நிற்கிறது. என்ன வைப்பர் வாங்கலாம்?

வாங்குவதற்கு முன் ஈரத்துணியால் பிளேடின் ரப்பர் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பாக அழுக்கு வந்து, அதோடு கோடும் போய்விட்டால் காசு மிச்சம். விளிம்பில் வெடிப்போ, விரலுக்கு விறைப்போ தெரிந்தால் மாற்றத்தான் வேண்டும். நம் ஊரில் ரப்பரைக் கெடுப்பது மழையல்ல, ஏப்ரல், மே வெயில். அதனால் நான் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் மாற்றிவிடுவேன்.

முதலில் அளவு. பல கார்களில் டிரைவர் பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. இரண்டையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 22 அங்குலம் என்றால் டப்பாவில் 550 மி.மீ. என்றும் இருக்கும். ஒரு அங்குலம் கூடினாலும் இரண்டும் நடுவில் இடித்துக்கொள்ளலாம்.

அடுத்து மாட்டும் கொக்கி. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பெரும்பாலும் தூண்டில் முள் போல வளைந்த கொக்கிதான். சில கார்களில் வேறு மாதிரி. பழைய பிளேடைக் கையோடு கடைக்குக் கொண்டுபோவதே நல்லது.

இரும்புச் சட்டம் வைத்தது விலை குறைவு, ஊருக்குள் ஓட்ட அதுவே போதும். நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர்களுக்குச் சட்டமில்லாத தட்டை பிளேடு. அது கண்ணாடியோடு ஒட்டி நிற்கும்.

கழற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துண்டு ஒன்றை மடித்துப் போடுங்கள். பிளேடு இல்லாத கம்பி ஸ்பிரிங் வேகத்தில் படாரென்று விழுந்தால் கண்ணாடியே விரிசல் விடும்.