பத்து இரவில், அதிகச் செலவில்லாமல், பி அண்ட் பி வீடுகளில் தங்கி அயர்லாந்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

கணவன், மனைவி, சைவம் மட்டுமே சாப்பிடும் அம்மா என மூன்று பேர். கோவையிலிருந்து மே மாதம் வருகிறீர்கள். பத்து இரவு. ஹோட்டல் வேண்டாம், பி அண்ட் பி வீடுகளே போதும். தீவு முழுவதையும் ஒரு வட்டம் அடித்துவிட வேண்டும், செலவும் கட்டுக்குள் நிற்க வேண்டும். இதுதான் உங்கள் கேள்வி. இதில் ஒன்றைத் தவிர எல்லாம் நடக்கும். அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் வசிக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வழக்கமாகவே ஆகிவிட்டது. எல்லோரும் முதலில் கேட்பது இந்த வட்டத்தைத்தான். வரைபடத்தில் தீவு சிறியதாகத் தெரிகிறது. ஆனால் வடக்கே மாலின் ஹெட் முதல் தெற்கே கின்சேல் வரை மேற்குக் கரையோரமாகப் போகும் ‘வைல்ட் அட்லாண்டிக் வே’ மட்டுமே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி குறுகலான, வளைந்து வளைந்து போகும் சாலை. பத்து நாளில் அதை முடிக்க நினைத்தால் காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பயணமாக இருக்கும்.

செலவுக் கணக்கும் வட்டத்துக்கு எதிராகத்தான் நிற்கிறது. பி அண்ட் பி என்பது ஒரு குடும்பம் தான் வாழும் வீட்டில் மூன்று, நான்கு அறைகளை விருந்தினருக்கு ஒதுக்கி, காலை உணவும் சேர்த்துக் கொடுப்பது. பெரும்பாலும் வீட்டு அம்மாவே படுக்கை விரித்து, விரிப்பு துவைத்து, சமைத்துப் பரிமாறுகிறார். ஓர் இரவு தங்குபவருக்கும் மூன்று இரவு தங்குபவருக்கும் துவைக்க வேண்டிய விரிப்பு ஒன்றுதான். அதனால் மூன்று இரவு தங்குபவருக்கு அவர்கள் மனமுவந்து விலை குறைப்பார்கள். ஓர் இரவுக்கு மட்டும் கேட்டால், கூட்டமான நாட்களில் சில வீடுகள் இடமே தருவதில்லை. நீங்கள் ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் பெட்ரோலும் மதியச் சாப்பாடும் வேறு கூடும். பணம் மிச்சமாவது மலிவான அறையைத் தேடுவதில் அல்ல, தங்கும் ஊர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்தான்.

உங்களுக்கு நான் போடும் திட்டம்: டப்ளினில் இரண்டு இரவு, கெர்ரி மாவட்டத்தின் கில்லார்னியில் மூன்று, கிளேர் மாவட்டத்தின் வடக்கில் நான்கு, கடைசி இரவு மீண்டும் டப்ளின். டப்ளினில் முதலிலும் கடைசியிலும் ஒரே வீட்டிலேயே தங்குங்கள். கேட்டால் பெரிய பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டுப் போக அனுமதிக்கும் வீடுகள் உண்டு. மூன்று பேருக்குச் சிறிய கார் போதுமா, பெரிய கார் வேண்டுமா என்பதை முடிவு செய்வது அந்தப் பெட்டிகள்தான். நகர மையத்தில் அறை விலை மிக அதிகம். ட்ரம்காண்ட்ரா, கிளாஸ்னெவின், கிளான்டார்ஃப் பகுதிகளில் பாருங்கள். நகரத்துக்குள் போகப் பஸ் அடிக்கடி உண்டு, ட்ரம்காண்ட்ரா விமான நிலையத்துக்கும் அருகில். இந்த இரண்டு நாளும் கார் வேண்டாம். தேசிய அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், ஆசியச் சுவடிகளும் ஓவியங்களும் நிறைந்த செஸ்டர் பீட்டி நூலகம் மூன்றுக்கும் அனுமதி இலவசம்.

மூன்றாம் நாள் காலை விமான நிலையத்தில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே புறப்படுங்கள். வழியில் கேஷல் பாறையில் இறங்கிப் பாருங்கள். சமவெளிக்கு நடுவே எழும் சுண்ணாம்புக் குன்றின்மேல் கோபுரமும் தேவாலயமும் நிற்கும் இடம் அது. அங்கே நுழைவுச் சீட்டு வாங்கும் முன், ஹெரிட்டேஜ் கார்டைப் பற்றிக் கேளுங்கள். அரசு பராமரிக்கும் சின்னங்களுக்கெல்லாம் ஓராண்டு செல்லும் அட்டை அது. கேஷல், கில்லார்னியின் ராஸ் கோட்டை, டப்ளினின் கில்மெய்னம் சிறை, எகிப்தின் பிரமிடுகளுக்கும் முந்தைய, ஏறத்தாழ கி.மு. 3200-ஐச் சேர்ந்த நியூகிரேஞ்ச் கல்லறை எல்லாம் அதில் அடங்கும். நான்கைந்து இடம் பார்ப்பவர்களுக்கு லாபம். ஆனால் கில்மெய்னம், நியூகிரேஞ்ச் இரண்டுக்கும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

கில்லார்னியை நான் சொல்வதற்குக் காரணம் எளிமையானது. நாட்டிலேயே பி அண்ட் பி வீடுகள் நெருக்கமாக உள்ள ஊர்களில் அது ஒன்று. மக்ராஸ் சாலையில் வரிசையாக இருக்கின்றன. போட்டி இருப்பதால் விலை எல்லை மீறாது. கென்மேரும் டிங்கிளும் அழகான ஊர்கள், ஆனால் கோடையில் விலை ஏறிவிடும். 1932-இல் தொடங்கிய கில்லார்னி தேசியப் பூங்கா ஊரை ஒட்டியே இருக்கிறது. ஏரிக்கரை, டார்க் அருவி, மக்ராஸ் தோட்டம் என ஒரு நாள் முழுவதும் காசில்லாமல் நடக்கலாம். அம்மாவுக்குக் கால் வலித்தால் குதிரை வண்டி உண்டு, ஏறும் முன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள். இன்னொரு நாளுக்கு எல்லோரும் ‘ரிங் ஆஃப் கெர்ரி’ சுற்றைத்தான் சொல்வார்கள். அது 179 கிலோமீட்டர். என்னைக் கேட்டால் அந்த நாளை டிங்கிள் தீபகற்பத்துக்குக் கொடுங்கள். ஸ்லே ஹெட் சாலை குறைந்த தூரத்தில் அதிகக் கடலைக் காட்டும், இறங்கி நிற்கவும் நேரம் கிடைக்கும். அந்தச் சாலையில் கடிகாரச் சுற்றாகவே போங்கள். பெரிய வண்டிகளும் அதே திசையில்தான் போகும், எதிரே வந்து மாட்டிக்கொள்ளும் சங்கடம் இருக்காது.

அங்கிருந்து கிளேருக்கு லிமெரிக் வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. டார்பர்ட்டில் காரோடு படகில் ஏறினால் ஷானன் நதியின் முகத்துவாரத்தைக் கடந்து இருபது நிமிடத்தில் கில்லிமரில் இறங்கலாம். இறங்கியதும் கில்கீ ஊரின் பாறைக் கரையில் நடந்துவிட்டுப் போங்கள். மோஹர் பாறைகளை விடச் சிறியவை, ஆனால் கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை. மோஹரையும் பார்க்கத்தான் வேண்டும். 214 மீட்டர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்தச் சுவரைப் பார்க்காமல் திரும்பச் சொல்ல எனக்கு மனம் வராது. அதன் கட்டணம் நேரத்தைப் பொறுத்தது. இணையத்தில் அதிகாலை அல்லது மாலை நேரத்துக்கு எடுத்தால் குறையும், சுற்றுலாப் பஸ்களும் அப்போது இருக்காது. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் மாலைதான் என் தேர்வு.

கிளேரில் டூலின் கிராமம் புகழ்பெற்றது. அதனாலேயே சீக்கிரம் நிரம்பும், விலையும் கூடும். சில கிலோமீட்டர் தள்ளி லிஸ்டூன்வார்னா, எனிஸ்டைமன், கில்ஃபெனோரா இருக்கின்றன. அங்கே அதே தரத்தில் குறைந்த விலைக்கு அறை கிடைக்கும். நான்கு நாளில் பர்ரன் பாறை வெளி, அதன் நடுவே நிற்கும் புல்நப்ரோன் கற்பதுக்கை (கற்பலகைகளால் ஆன பழங்காலக் கல்லறை, கட்டணம் கிடையாது), கடல் அனுமதித்தால் டூலினிலிருந்து அரன் தீவு ஒன்று, ஒரு நாள் கால்வே நகரம். கற்பதுக்கைகளை நம் கொங்கு நாட்டிலேயே பார்த்திருப்பீர்கள், ஆனாலும் அந்தச் சாம்பல் நிறப் பாறைத் தளத்தில் மே மாதத்தில் நீல ஜென்ஷன் பூக்களுக்கு இடையே அதைப் பார்ப்பது வேறு அனுபவம். மேற்கே உள்ள கானமராவும் வடமேற்கே உள்ள டொனிகாலும் இந்தத் திட்டத்தில் இல்லை. இரண்டும் நான் மிகவும் நேசிக்கும் இடங்கள். பத்து இரவுக்குள் திணித்தால் அவற்றுக்கும் நியாயம் செய்ய முடியாது.

டொனிகாலை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். அயர்லாந்து குடியரசு, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் சேர்ந்த நாடு அல்ல, தனி விசா வேண்டும். ஒரு முறை நுழைய 60 யூரோ, பல முறைக்கு 100 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம். வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சாவடியோ காவலரோ இல்லை, ஆனால் பிரிட்டனுக்குள் நுழையும் உரிமை இல்லாத விசாவோடு எல்லை தாண்டுவது சட்டப்படி தவறு. டப்ளினிலிருந்து டொனிகாலுக்கு வழிகாட்டிச் செயலி காட்டும் நேர் பாதை ஓமா அல்லது எனிஸ்கில்லன் வழியாக வட அயர்லாந்துக்குள் போகும். குடியரசுக்குள்ளேயே போக ஸ்லைகோ வழியாகச் சுற்ற வேண்டும். இந்தியர்களுக்கான பிரிட்டிஷ்-ஐரிஷ் விசாத் திட்டத்தில் ‘பி.ஐ.வி.எஸ்.’ என்று முத்திரையிட்ட விசா கிடைத்தால் இரு பக்கமும் போகலாம். அதிலும் விசா கொடுத்த நாட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். விமானத்தைத் துபாய், அபுதாபி, தோஹா வழியாக எடுத்தால் நேரே டப்ளின் வந்து இறங்கலாம். லண்டன் வழி டிக்கெட் மலிவாகத் தெரிந்தாலும், இடைவழி விசா தேவைப்படுமா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

இனி கார். நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பது பெரிய நிம்மதி. சுற்றுலா வருபவர் இந்திய உரிமத்தோடு ஓட்டலாம், வாடகை நிறுவனங்கள் கேட்கக்கூடும் என்பதால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், அதில் ஆயிரம் யூரோவுக்கும் மேல் வைப்புத் தொகையாக முடக்கி வைப்பார்கள். இணையத்தில் மிக மலிவாகத் தெரியும் வாடகை, கவுண்டரில் காப்பீடு சேர்ந்ததும் இரண்டு மடங்காவது சாதாரணம். காப்பீடு உட்பட மொத்தம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ஒப்பிடுங்கள். கியர் இல்லாத கார் விலை கூடும், சீக்கிரம் தீரும். டப்ளினைச் சுற்றும் எம்50 சாலையில் சுங்கச் சாவடியே கண்ணில் படாது. கேமரா எண்ணைப் படித்துவிடும். மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடையிலோ கட்ட வேண்டும். வாடகை நிறுவனம் தானே கட்டுகிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிராமச் சாலைகளின் பொதுவான வேக வரம்பை 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

கார் ஓட்ட விருப்பமில்லை என்றாலும் கவலை இல்லை. டப்ளின் ஹூஸ்டன் நிலையத்திலிருந்து கில்லார்னிக்கும் கால்வேக்கும் ரயில் உண்டு, முன்கூட்டி இணையத்தில் எடுத்தால் கட்டணம் குறையும். அப்போது கிளேருக்குப் பதிலாகக் கால்வேயில் தங்கி, 350 எண் பஸ்ஸில் டூலினும் மோஹரும் போய் வரலாம்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு வருகிறேன். ஐரிஷ் காலை உணவு என்றால் பன்றி இறைச்சித் துண்டுகள், சாசேஜ், முட்டை, வதக்கிய தக்காளி, காளான் என ஒரு தட்டு நிறைய வரும். அதில் கறுப்பாக வட்டமாக இருக்கும் ‘பிளாக் புட்டிங்’ இரத்தம் சேர்த்துச் செய்வது. வெள்ளை நிறத்தில் வருவதும் பன்றி இறைச்சிதான். புட்டிங் என்ற பெயரைப் பார்த்து இனிப்பு என்று எடுத்துவிட வேண்டாம். சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் ஓட்ஸ் கஞ்சி, பழம், தயிர், சீஸ், வதக்கிய காளான், தக்காளி, மோரும் சோடா உப்பும் சேர்த்துச் சுட்ட பழுப்பு ரொட்டி எல்லாம் கிடைக்கும். அந்த ரொட்டியைப் பல வீடுகளில் அன்றன்று காலையிலேயே சுடுகிறார்கள், வெண்ணெயும் அருமையாக இருக்கும். முட்டை சாப்பிடுவாரா மாட்டாரா என்பதையும் தனியாகச் சொல்லுங்கள், இங்கே சைவம் என்றால் முட்டை உண்டு என்றே எடுத்துக்கொள்வார்கள். நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டால் மதியம் ஒரு சூப்போடு முடித்துக்கொள்ளலாம், காய்கறி சூப்பா, எலும்புச் சாறு கலந்ததா என்று மட்டும் கேளுங்கள். கிராமத்துப் பப்களில் இரவு எட்டரை, ஒன்பதுக்குள் சமையலறையை மூடிவிடுவார்கள். கில்லார்னியிலும் கால்வேயிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. அறையில் கெட்டில் இருக்கும், சமைக்க அனுமதி கிடையாது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். பாட்டில் வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் 15 அல்லது 25 சென்ட் வைப்புத் தொகை சேரும், காலிப் பாட்டிலை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் திரும்ப வரும்.

மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ஆண்டிலேயே அதிக வெயில் கிடைக்கும் மாதங்கள் மேயும் ஜூனும்தான், பள்ளி விடுமுறைக் கூட்டமும் தொடங்கியிருக்காது. மே முதல் திங்களும் ஜூன் முதல் திங்களும் பொது விடுமுறை. அந்த வார இறுதிகளில் மேற்குக் கரையில் இருக்காதபடி தேதியை அமைத்துக்கொள்ளுங்கள். விலையைப் பொறுத்தவரை, நகரத்துக்கு வெளியே இருவர் அறை ஓர் இரவுக்கு ஏறத்தாழ 100 முதல் 130 யூரோ. பழைய வழக்கப்படி பல வீடுகள் ஆளுக்கு இவ்வளவு என்றே விலை சொல்லும், அறைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுக்கு ஒரு பெரிய கட்டிலும் ஒரு சிறிய கட்டிலும் உள்ள குடும்ப அறை கேளுங்கள், இரண்டு அறைகளை விட நிச்சயம் குறைவு.

பதிவுத் தளங்களில் வீடுகளைத் தேடுங்கள், ஆனால் பதிவை நேரடியாகச் செய்யுங்கள். தளங்கள் வீட்டுக்காரரிடம் 15 சதவீதம் அளவுக்குக் கமிஷன் எடுக்கின்றன. நேரில் எழுதுபவருக்கு அதில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கப் பலர் தயார். இந்த வீடுகள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. வயதானவர்கள் நடத்துவதை நிறுத்தும்போது பிள்ளைகள் தொடர்வதில்லை. அந்தக் கமிஷன் அவர்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்று, பி அண்ட் பி என்று பெயர் போட்டு, வீட்டுக்காரரும் இல்லாமல் காலை உணவும் இல்லாமல் சாவிப் பெட்டியை மட்டும் வைத்திருக்கும் இடங்களும் பெருகிவிட்டன. சுற்றுலா ஆணையமான ஃபால்ச்சா அயர்லாந்தின் அங்கீகாரம் பெற்ற வீடுகளில் ஷாம்ராக் இலைச் சின்னம் இருக்கும், அதைப் பாருங்கள்.

கடிதத்தில் கேட்க வேண்டியவை: காலை உணவு விலையில் அடங்குமா, குளியலறை அறைக்குள் இருக்கிறதா, அம்மாவுக்குத் தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, மூன்று இரவுக்கு என்ன விலை, விசா வராவிட்டால் எத்தனை நாள் முன்பு ரத்து செய்யலாம், கார்டா ரொக்கமா, எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும். வீட்டின் ஏர்கோடையும் கேட்டு வாங்குங்கள். 2015 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக உள்ள ஏழு எழுத்து அஞ்சல் குறியீடு அது. கிராமத்தில் பல வீடுகளுக்குக் கதவு எண்ணும் தெருப் பெயரும் இருக்காது, இந்தக் குறியீட்டைப் போனில் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். முதல் கடிதத்தைக் கிளேர் பக்கம் எழுதுங்கள், அறைகள் முதலில் தீர்வது அங்கேதான். டப்ளின் அடுத்தது. கில்லார்னிக்குக் கடைசியாக எழுதினாலும் கிடைக்கும்.