நேத்துன்னா எல்லா நேத்தும்தான்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு ரெண்டு பிள்ளைங்க, பெரியவனுக்கு ரெண்டரை வயசு, சின்னவளுக்கு ஏழு மாசம். போன்ல 14,000 போட்டோ கிடக்கு, ஒரு நாள்கூட உக்காந்து பார்த்ததில்ல. முதல் பல், முதல் நடைன்னு கட்டம் போட்ட புக் ஒண்ணு வாங்கினேன், நாலு பக்கத்தோட நின்னுபோச்சு. அவன் எந்த தேதியில நடந்தான்னு யாராவது கேட்டா எனக்கே தெரியல. நான் கோட்டை விட்டுட்டேனா, இனிமே ஆரம்பிச்சு என்ன பிரயோஜனம்?

பதில்: எதையும் கோட்டை விடல தோழி. அந்தக் கட்டம் போட்ட புக்கை எடுத்து உள்ள வச்சிடுங்க, அதைப் பார்க்குறப்போ எல்லாம் மனசு குத்துதுன்னா அது உங்களுக்கு உதவி பண்ணல. எந்த தேதியில நடந்தான்ங்கறது இருபது வருஷம் கழிச்சு அவனுக்கே பெருசா வேண்டியிருக்காது. அப்ப நீங்க ரெண்டு பேரும் தேடப்போறது வேற, அவன் எப்படிப் பேசினான்ங்கறதைத்தான்.

இந்த வயசுப் பிள்ளைங்களைக் கவனிச்சுப் பாருங்க, போன வாரம் நடந்ததும் நேத்துதான், ஆறு மாசம் முன்னாடி நடந்ததும் நேத்துதான். "நேத்து பாப்பா வயித்துக்குள்ள இருந்துச்சுல்ல"ன்னு கேப்பாங்க. "பாப்பாக்கு வேணும்", "பாப்பா வரல"ன்னு தன்னையே வேற ஆள் மாதிரி சொல்லிட்டிருந்த பிள்ளை ஒருநாள் "எனக்கு வேணும்"னு சொல்லும், அந்த நாளை யாரும் கவனிக்கறதே இல்ல, ஏன்னா கேக்க சரியா இருக்கு, அதனால காதுல விழாமலே போயிடுது. ழகரம் வராம மயைன்னு சொல்லிட்டிருந்தது என்னைக்கு மழையாச்சுன்னு எந்த வீட்லயும் தெரியாது. போட்டோவுல இது எதுவுமே நிக்காது. 14,000 போட்டோவுலயும் வாய் திறந்திருக்கும், சத்தம் இருக்காது.

அதனால நான் சொல்றது ஒரே ஒரு வேலைதான். ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் அன்னைக்குச் சொன்னதுல ஒரு வரி, அவன் சொன்ன மாதிரியே, தப்புத் தப்பா, திருத்தாம எழுதிடுங்க. யார்கிட்ட சொன்னான், நீங்க என்ன பதில் சொன்னீங்க, அவ்வளவுதான். "இன்னைக்கு ரொம்ப சமத்தா பேசினான்"னு எழுதாதீங்க, அதைப் படிச்சா அஞ்சு வருஷம் கழிச்சு உங்களுக்கே ஒண்ணும் புரியாது. நோட்டோ போனோ எது கை நீட்டினா எட்டுதோ அது போதும். நாலு நாள் விட்டுப்போனா அஞ்சாவது நாள்லருந்து எழுதுங்க, விட்டதை நிரப்பப் போனீங்கன்னா அந்த நாளோட நோட்டு மூடிடும்.

சார்லஸ் டார்வினுக்கு 1839 டிசம்பர்ல முதல் பையன் பிறந்தான், அப்பலருந்து அவர் குழந்தையைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதியிருக்கார், தும்மினது, கோபப்பட்டது, பயந்தது எல்லாம். 1877ல, பையன் முழு ஆளா ஆனதுக்கப்புறம், அந்தப் பழைய குறிப்பை எடுத்து ஒரு கட்டுரையாவே போட்டார். அதுல ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சரியா ஒரு வயசுல அந்தக் குழந்தை சாப்பாட்டுக்குன்னு தானா ஒரு வார்த்தை கண்டுபிடிச்சுதாம், "மம்"னு. நம்ம பிள்ளைங்க சொல்ற மம்மு மாதிரியேதான். வார்த்தையை மட்டும் எழுதிட்டு விடல மனுஷன், அதைச் சொல்றப்போ கடைசியில கேள்வி கேக்குற மாதிரி குரல் ஏறும்னும் சேர்த்து எழுதியிருக்கார். இத்தனை வருஷம் கழிச்சு நம்ம காதுல அந்தக் குழந்தை கேக்குதுன்னா அந்த ஒரு வரியாலதான்.

உங்க பையனுக்கு இப்ப நடக்குறதுல பெரும்பாலானது பின்னாடி ஞாபகம் இருக்கப் போறதில்ல, இதையும் சொல்லிடறேன். பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்குற முதல் சம்பவம் பெரும்பாலும் மூணு, மூணரை வயசுக்கு அப்புறம் நடந்ததாத்தான் இருக்கும். பாட்ரிஷியா பாயர், மரினா லார்கினான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், மூணு வயசுப் பிள்ளைங்க தங்களுக்கு நடந்ததைப் பத்திப் பேசினதைப் பதிவு பண்ணி வச்சு, பின்னாடி வேற வேற வயசுல அந்தப் பிள்ளைங்ககிட்டயே கேட்டுப் பார்த்தாங்க, 2014ல வந்துச்சு அந்த ஆய்வு. 5லருந்து 7 வயசுல கேட்டப்போ அந்தச் சம்பவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல ஞாபகம் இருந்துச்சு, 8, 9 வயசுல கேட்டப்போ 40 சதவீதத்துக்கும் கீழ போயிடுச்சு. அதாவது மறதி உடனே வரல, பள்ளிக்கூடம் போய் நாலு வருஷம் ஆகுறப்போ சத்தமில்லாம வருது. அதுவரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு.

அந்த டைம்ல எழுதறதோட நிறுத்தாம அவன்கிட்டயே பேசுங்க. "அன்னைக்கு மழையில நனைஞ்சோமே, அப்புறம் என்ன ஆச்சு, நீ என்ன சொன்ன?"ன்னு அவனைச் சொல்ல விடுங்க. ஆமா, இல்லன்னு முடியிற கேள்வி வேண்டாம். சின்ன வயசுல அம்மா இப்படி விரிச்சு விரிச்சுப் பேசின வீட்டுப் பிள்ளைங்களுக்கு, வளர்ந்தப்புறம் இன்னும் முந்தின வயசு ஞாபகம் தங்கியிருந்துச்சுன்னு நியூசிலாந்துல எலேன் ரீஸும் கூட இருந்தவங்களும் பார்த்திருக்காங்க. அப்படிப் பேசுறப்போ போன்ல வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் பண்ணி பக்கத்துல கவுத்து வச்சிடுங்க, மாசம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் போதும். வீடியோன்னா பிள்ளை போனைப் பார்க்க ஆரம்பிச்சிடும், நாமளும் "இன்னொரு தடவை சொல்லு"ன்னு ஆரம்பிச்சிடுவோம். உங்க குரலும் அதுல இருக்கட்டும், தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க. அவன் பின்னாடி தேடுறது உங்க குரலாக்கூட இருக்கலாம்.

சின்னவளுக்கு இன்னும் பேச்சு வரலைன்னு விட்டுடாதீங்க. ஏழு மாசத்துல வர்ற அந்த பா பா, மா மா, தூக்கம் வர்றப்போ ஒரு ராகம் போடுவாங்களே, அதையும் ஒரு நிமிஷம் பிடிச்சு வைங்க.

கேள்வி: பிள்ளை எதைப் பண்ணாலும் நான் போனைத் தூக்கிடறேன்னு மனைவி சண்டை போடறாங்க. போட்டோ எடுத்தா நமக்கே ஞாபகம் இருக்காதுன்னு எங்கேயோ படிச்சாங்களாம். நிஜமா?

பதில்: பாதி நிஜம் சார். லிண்டா ஹென்கல்ங்கற உளவியல் பேராசிரியர் ஒரு மியூசியத்துக்கு ஆட்களைக் கூட்டிட்டுப்போய், சில பொருளை வெறும் கண்ணால பார்க்கச் சொன்னார், சிலதைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டா, போட்டோ எடுத்த பொருள்தான் கம்மியா ஞாபகம் இருந்துச்சு. ஆனா ஒரு பொருளோட ஏதாவது ஒரு பகுதியை மட்டும் ஜூம் பண்ணி எடுத்தவங்களுக்கு அந்தக் குறை இல்ல. போன் பார்த்துக்கும்னு மனசு கையை விட்டுடறதுதான் பிரச்சினைன்னு நான் புரிஞ்சுக்கறேன், எதைப் பார்க்குறோம்னு தேர்ந்தெடுத்து எடுத்தா மனசும் கூடவே பார்க்குது. அவர் பார்த்தது மியூசியப் பொருள், பிள்ளைங்க இல்ல, அதையும் மறக்க வேண்டாம்.

அதனால அம்பது எடுக்காதீங்க, மூணு எடுங்க, அப்புறம் போனைப் பையில போட்டுட்டுத் தரையில உக்காருங்க. முகத்தையே எடுக்காம செருப்பைக் கால் மாத்திப் போட்டிருக்குற அந்தக் காலை எடுங்க, கட்டிப் பிடிச்சுத் தூங்குற அந்தக் கிழிஞ்ச பொம்மையை எடுங்க, பிள்ளை உயரத்துக்குக் குனிஞ்சு எடுங்க. பிறந்தநாள்ல எல்லாரும் எடுக்கறாங்க, சட்டை மாட்ட மாட்டேன்னு வீடு பூரா ஓடுற செவ்வாய்க்கிழமை காலையை யாரும் எடுக்கறதில்ல.

இன்னொரு விஷயம், நீங்க கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். எப்பவும் போன் உங்க கையிலன்னா நீங்க எந்தப் போட்டோவுலயும் இல்ல. வாரத்துக்கு ஒரு தடவையாவது போனை மனைவிகிட்ட குடுங்க, அதே மாதிரி அவங்க எடுக்குற வீடா இருந்தா நீங்க வாங்குங்க. நிறைய வீட்ல பிள்ளைங்க வளர்ந்ததுக்கு ஆயிரம் போட்டோ இருக்கும், அம்மா அதுல பத்துலகூட இருக்க மாட்டாங்க, தலை சீவல, டிரஸ் சரியில்லன்னு அவங்களே ஒதுங்கிடுவாங்க. ஒதுங்க விடாதீங்க. பிள்ளைக்கு அந்தக் கலைஞ்ச தலைதான் அம்மா.

கேள்வி: இதையெல்லாம் எங்க வைக்கறது? போன் போச்சுன்னா எல்லாம் போச்சே.

பதில்: போச்சுதான், எனக்குப் போயிருக்கு. என் மகளோட ரெண்டாவது வயசு முழுக்க ஒரே போன்ல இருந்துச்சு, நாளைக்கு காப்பி பண்ணிக்கலாம்னு இருந்தேன், அது ஒரு நாள் ஆன் ஆகவே இல்ல, ரிப்பேருக்குக் குடுத்தும் மீட்க முடியல. அவ குரல் அந்த வயசுல எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட இல்ல. அதனாலதான் ஒவ்வொரு தடவையும் இதைக் கொஞ்சம் அழுத்தியே எழுதறேன்.

மூணு காப்பி இருக்கணும், ரெண்டு வேற வேற வகையில இருக்கணும், ஒண்ணு வீட்டுக்கு வெளியில இருக்கணும். போன்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, இன்டர்நெட்ல சேமிக்கிற கிளவுட்ல ஒண்ணுன்னா முடிஞ்சது. பென் டிரைவை மட்டும் நம்பி அலமாரியில வருஷக்கணக்கா போட்டு வைக்காதீங்க. கிளவுட்ல போட்டாச்சுன்னும் மறந்துடக் கூடாது, கூகுள்ல ரெண்டு வருஷம் தொடாம கிடக்குற தனிநபர் அக்கவுண்டை அழிக்கலாம்னு 2023லருந்து விதி இருக்கு, பிள்ளை பேர்ல ஒரு மெயில் ஆரம்பிச்சு அதுக்கு லெட்டர் எழுதிட்டு வர்றவங்க இதைக் கண்டிப்பா கவனிங்க, அப்பப்ப உள்ள போய் வாங்க. வாட்ஸ்அப்ல வர்ற போட்டோ சுருங்கித்தான் வருது, எப்ப எடுத்ததுங்கற தகவலும் அதுக்குள்ள இருக்காது, அதனால சொந்தக்காரங்ககிட்ட வாங்கறப்போ டாகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

வருஷத்துக்கு ஒரு முப்பது போட்டோ பிரிண்ட் போட்டுடுங்க. பின்னாடி மென்மையான பென்சில்ல யாரு, எங்க, எப்பன்னு எழுதுங்க, பேனா மை மறுபக்கம் ஊறலாம். ஒட்டுற பசைத் தாள் இருக்குற பழைய மாடல் ஆல்பம் வேண்டாம், அது போட்டோவையே கெடுக்கும்.

கேள்வி: பையன் அடம் பிடிச்சு அழறதையும் பதிவு பண்ணலாமா? பின்னாடி காட்டினா சிரிப்பான்ல?

பதில்: அழறப்போ கேமராவை நீட்டாதீங்க. அந்த நேரத்துல அவனுக்கு வேண்டியது நீங்க. அன்னைக்கு ராத்திரி நோட்டுல எழுதுங்க, எதுக்கு அழுதான், நீங்க எவ்வளவு களைச்சுப் போயிருந்தீங்க, கத்தினீங்களா, அப்புறம் எப்படி சமாதானம் ஆச்சு, எல்லாத்தையும் எழுதுங்க, நல்ல நாளை மட்டும் எழுதினா அது வேற யாரோ வீடு மாதிரி இருக்கும். வெளியில போடறதைப் பொறுத்தவரை, பிள்ளைக்குப் பேசத் தெரிஞ்ச நாள்லருந்து கேட்டுட்டுப் போடுங்க, வேண்டாம்னா போடாதீங்க. குளிக்கிறது, அழறது, யூனிபார்ம்ல பள்ளிக்கூடப் பேர் தெரியறது, இதெல்லாம் கேக்கவே வேண்டியதில்ல, போடவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு ரெண்டு பொண்ணு. சின்னவளுக்கு 11 வயசு, "அக்காவுக்கு ஆல்பம் இருக்கு, எனக்கு ஏன் இல்ல?"ன்னு கேட்டா. என்கிட்ட பதில் இல்ல. அவ பிறந்தப்போ எங்களுக்கு ரொம்பக் கஷ்டமான நேரம்.

பதில்: இந்தக் கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன் அம்மா. முதல்ல அவகிட்ட அதையே சொல்லுங்க, அப்ப வீடு எப்படி இருந்துச்சுன்னு. 11 வயசுக்குப் புரியும். உன் மேல ஆசை இல்லாம இல்ல, கை ஒழியலன்னு உங்க வாயால அவ கேக்கணும்.

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து தேடுங்க. அக்காவோட ஆல்பத்துலயே ஓரத்துல இவ இருப்பா, யாரோ இடுப்புல, தொட்டில்ல, பாதி வெட்டுப்பட்டு. சித்தி, மாமா, பக்கத்து வீட்டுக்காரங்க பழைய போன்ல இருக்கும். பழைய சாட் அழியாம இருந்தா அவ பிறந்த மாசத்துக்குப் போய்ப் பாருங்க, "ராத்திரி முழுக்கத் தூங்க விடல"ன்னு நீங்க யாருக்கோ அனுப்பின ஒரு வரிகூட தேதியோட நிக்கும், அதை அப்படியே அவ நோட்டுல எழுதுங்க. தடுப்பூசி அட்டையில எடை இருக்கும். ஞாபகம் இல்லாததை மட்டும் சேர்த்துச் சொல்லாதீங்க, தெரியலன்னா தெரியலன்னே எழுதுங்க, பிள்ளைங்க கண்டுபிடிச்சிடுவாங்க.

மீதி எல்லாம் ஆட்கள் தலைக்குள்ள இருக்கு. அவளையே கேள்வி கேக்கச் சொல்லி ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க, நான் எப்படி அழுவேன், என்னை யாரு தூக்கி வச்சுக்குவாங்க, நான் முதல்ல யாரைக் கூப்பிட்டேன்னு. உங்ககிட்ட தனியா, அப்பாகிட்ட தனியா, அக்காகிட்ட தனியா. ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதோட ஒத்துப்போகாது, போகட்டும், ரெண்டையும் வைங்க. பாட்டி இருந்தா முதல்ல பாட்டிகிட்ட போங்க, இந்த ஞாயித்துக்கிழமையே.