பாஸ்டனில் "எந்த அணி?" என்று கேட்டால் என்ன சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரிலிருந்து பாஸ்டனுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஏப்ரல் பிறந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டு மேசையில் பேஸ்பால் தவிர வேறு பேச்சே இல்லை. "அந்த பிட்சரை (பந்து எறிபவரை) ஏன் எடுத்தார்", "அவனை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்" என்று தினமும் சண்டை. உங்களிடம் "எந்த அணி?" என்று கேட்டபோது, வரும் வழியில் நியூயார்க்கில் வாங்கிய தொப்பி ஞாபகத்தில் "யாங்கீஸ்" என்று சொல்லியிருக்கிறீர்கள். மேசை அப்படியே அடங்கிப்போனதாம். இனி ஆட்டத்தைக் கற்றுக்கொள்வதா, ஓர் அணியைப் பிடித்துக்கொள்வதா, இல்லை தலையாட்டியே காலத்தை ஓட்டிவிடலாமா, அக்கா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறீர்கள்.

தலையாட்டியும் ஓட்டலாம், நிறைய பேர் ஓட்டுகிறார்கள். ஆனால் ஓர் அணிக்கு ஒரு பருவத்தில் 162 ஆட்டம். செப்டம்பர் கடைசி வரை கிட்டத்தட்ட தினமும் ஒன்று. அத்தனை நாள் தலையாட்டினால் கழுத்து வலிக்கும்.

முதலில் அந்தத் தொப்பி விஷயம். பேப் ரூத் என்ற பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ஆட்டக்காரர். 1919 டிசம்பர் கடைசியில், அணியின் அப்போதைய முதலாளி ஹாரி ஃப்ரேஸி அவரைப் பணத்துக்கு யாங்கீஸிடம் விற்றார். அதுவரை யாங்கீஸ் ஒரு கோப்பைகூட வென்றதில்லை. ரெட் சாக்ஸ் 1918-இல் வென்ற பிறகு அடுத்த கோப்பைக்கு 2004 வரை காத்திருந்தது. அந்த 86 ஆண்டுகளுக்குள் யாங்கீஸ் 26 முறை வென்றது. தாத்தா பார்க்காமலே போனார், அப்பாவும் பார்க்காமலே போனார் என்று சொல்லும் குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். அதனால் தொப்பியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் "ஊருக்குப் புதுசு, இன்னும் எந்த அணியும் இல்லை" என்று சொன்னால் போதும். யாராவது ஒருவர் உங்களை ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்குக்கு அழைத்துப்போகும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொள்வார்.

இனி அந்தச் சண்டைகள். வெளியிலிருந்து கேட்டால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே மூன்று ரகம் உண்டு. மேனேஜரைத் திட்டுவது, டிரேடைத் (ஆட்டக்காரரை இன்னொரு அணிக்குக் கொடுத்து மாற்றிக்கொள்வதை) திட்டுவது, விசுவாசத்தைச் சந்தேகிப்பது. முதல் ரகத்தில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். இரண்டாவதில் பார்த்துப் பேச வேண்டும். மூன்றாவதில் வெளியாள் வாயே திறக்கக் கூடாது.

மேனேஜர் என்பவர் கிரிக்கெட் கோச் மாதிரி ஓய்வறையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. களத்தில் கேப்டன் செய்யும் வேலையில் பாதியை இவர்தான் செய்கிறார். ஆட்டக்காரர்கள் போடும் அதே சீருடைதான் அவருக்கும். ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் கவனித்துப் பாருங்கள். மெதுவாக வெளியே நடந்து வருவார். வரும்போதே ஒரு கையைத் தட்டிக் காட்டுவார். இடதைத் தட்டினால் இடக்கை பிட்சர், வலதைத் தட்டினால் வலக்கை பிட்சர், புல்பென்னிலிருந்து (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடத்திலிருந்து) வரவேண்டும் என்று அர்த்தம். பிறகு பிட்சர் முன்னால் கையை நீட்டுவார். பிட்சர் பந்தை அந்தக் கையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அன்றைக்கு அவர் திரும்பி வரவே முடியாது. நம் ஊரில் அஸ்வின் மூன்று ஓவர் போட்டுவிட்டு நின்றால் கடைசியில் இன்னொரு ஓவருக்குக் கூப்பிடலாம். இங்கே அந்தப் பேச்சே கிடையாது. வெளியே போனால் போனதுதான். எடுத்தாலும் வம்பு, எடுக்காவிட்டாலும் வம்பு.

எடுக்காத வம்புக்கு 2003. யாங்கீஸுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடர் (ஜெயித்தால் கோப்பைக்கான தொடருக்குப் போகலாம்), ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-2 என்று முன்னிலையில் இருந்தது. ரெட் சாக்ஸ் பிட்சர் பெட்ரோ மார்ட்டினெஸ் நூறு பந்துகளைத் தாண்டிவிட்டார், அடி விழத் தொடங்கிவிட்டது. மேனேஜர் கிரேடி லிட்டில் நடந்து வந்தார், பேசினார், பெட்ரோவை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போனார். யாங்கீஸ் 5-5 என்று சமன் செய்தது. 11-ஆவது இன்னிங்ஸில் யாங்கீஸின் ஆரன் பூன் ஒரு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், கதை முடிந்தது. லிட்டிலின் ஒப்பந்தத்தை நிர்வாகம் புதுப்பிக்கவில்லை. குவின்சியில் என் பக்கத்து வீட்டுத் தாத்தா டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, வர்ணனையை ரேடியோவில் கேட்கிற ஆள். மருமகள் கார் நிறுத்துவதில் தொடங்கி ஜனாதிபதி தேர்தல் வரை எதைப் பற்றியும் பேசுவார். லிட்டில் பெயரை எடுத்தால் மட்டும் "டீ போட வேண்டும்" என்று உள்ளே போய்விடுவார். அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

எடுத்த வம்புக்கு 2020. அது பாஸ்டன் ஆட்டமே இல்லை, ஆனாலும் இங்கே பேசுவார்கள். கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ், ஆறாவது ஆட்டம், டாம்பா பே ரேஸ் 1-0 என்று முன்னால் இருந்தது. பிட்சர் பிளேக் ஸ்னெல் 73 பந்துதான் எறிந்திருந்தார், ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்) செய்திருந்தார். ஒரே பிட்சரை மட்டையாளர்கள் மூன்றாவது முறை சந்திக்கும்போது அவர் பந்து அவர்களுக்குப் பழகிவிடும் என்பது புள்ளிவிவரக்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்குப்படி மேனேஜர் கெவின் கேஷ் அவரை வெளியே எடுத்தார். அடுத்து வந்த மூக்கி பெட்ஸ் டபுள் (ஓடித் தொட வேண்டிய பேஸ்களில் இரண்டாவது வரை போக வைக்கும் அடி) அடித்தார், எதிரணியான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலைக்குப் போய் 3-1 என்று ஜெயித்தது, கோப்பையும் அவர்களுக்கே. லிட்டில் மனசு சொன்னதைக் கேட்டார், கேஷ் கணக்கு சொன்னதைக் கேட்டார். இருவருக்கும் ஒரே திட்டு. என்னைக் கேட்டால் கேஷ் செய்ததுதான் பெரிய தப்பு. அன்றைக்கு ஸ்னெல் எறிந்த விதத்தைக் கண்ணால் பார்த்தவர் அவரை எடுக்க மாட்டார். உங்கள் அலுவலகத்தில் புள்ளிவிவரம் படித்த பசங்க இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நல்லது, நீங்கள் நுழைய அதுவே வாசல். "அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி போடுங்கள், அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது.

இப்போது டிரேட். ஒரு எச்சரிக்கை: டிரேடுக்கு மேனேஜரைக் குறை சொல்லிவிடாதீர்கள். அதைச் செய்வது மேலே உட்கார்ந்திருக்கும் நிர்வாகம். ஆட்டக்காரரிடம் சம்மதம் கேட்பதும் பெரும்பாலும் கிடையாது. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் தடுக்கலாம். அல்லது பத்து வருடம் ஆடி, கடைசி ஐந்து வருடம் அதே அணியில் இருந்தால் மறுக்கலாம். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். எச்-1பி விசாக்காரர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. 1969-இல் கர்ட் ஃப்ளட் என்ற ஆட்டக்காரர் "நான் போக மாட்டேன்" என்று சொல்லி உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972-இல் தோற்றார். அவர் எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. மூன்று வருடம் கழித்து வேறு இருவர் வழக்கில், ஒப்பந்தம் முடிந்தால் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று தீர்ப்பானது.

பாஸ்டனின் ஆறாத காயம் மூக்கி பெட்ஸ், மேலே டபுள் அடித்தவர்தான். இந்த அணியிலேயே வளர்ந்து, 2018-இல் கோப்பை வாங்கிக்கொடுத்தவர். சம்பளப் பேச்சு ஒத்துவராமல் 2020 பிப்ரவரியில் அவரை டாட்ஜர்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே 12 வருடத்துக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், அந்த வருடமே கோப்பையும் வென்றார். சின்னப் பையனாக இருந்த என் மகனிடம் பெட்ஸின் 50-ஆம் எண் போட்ட சிவப்புச் சட்டை இருந்தது. அதை இனிப் போடலாமா கூடாதா என்று அவனும் நண்பர்களும் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தார்கள். யாங்கீஸுக்குப் போயிருந்தால் கூடாது, டாட்ஜர்ஸுக்குத்தானே, போடலாம் என்று தீர்ப்பு. அப்புறம் 2025 ஜூன் 15. அன்றோடு யாங்கீஸுடனான மூன்று ஆட்டத்தையும் ரெட் சாக்ஸ் ஜெயித்து முடித்திருந்தது. ஊரே குஷியில் இருந்தது. சாயங்காலம் செய்தி வருகிறது, ரஃபேல் டெவர்ஸை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்குக் கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது பேஸைக் காக்கும் இடத்திலிருந்து அவரை நகர்த்தியது, பிறகு முதல் பேஸில் ஆடச் சொன்னது, அவர் முடியாது என்றது, எல்லாம் சேர்ந்து முற்றிப்போயிருந்தது. மறுநாள் அலுவலகத்தில் பாதிப் பேர் "வேலை செய்ய மறுத்தால் வேறென்ன செய்வது" என்றார்கள், பாதிப் பேர் "பெட்ஸுக்குச் செய்ததையே இவனுக்கும் செய்துவிட்டார்கள்" என்றார்கள்.

சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியபோது உங்களுக்கு என்ன தோன்றியது? அதை வைத்துக்கொண்டு இவர்களைக் கேளுங்கள். ஆனால் பெட்ஸ் விஷயத்தில் "லாபக் கணக்குப்படி சரிதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கணக்கு அவர்களுக்கும் தெரியும்.

விசுவாசம் என்ற மூன்றாவது ரகத்துக்குக் கணக்கு வழக்கே இல்லை. ஜானி டேமன் 2004 கோப்பையின் நாயகர்களில் ஒருவர். 2005 டிசம்பரில் கூடுதல் பணத்துக்கு யாங்கீஸில் சேர்ந்தார். அடுத்த வருடம் ஃபென்வேயில் அவர் மட்டை பிடிக்க வந்தபோது கூட்டம் கூச்சலிட்டு விரட்டியது. டேவ் ராபர்ட்ஸ் இங்கே இருந்தது சில மாதம்தான். 2004-இல் யாங்கீஸிடம் மூன்று ஆட்டம் தோற்று, இன்னொன்று தோற்றால் வெளியே என்ற நிலையில் நான்காவதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை பின்தங்கியிருந்தபோது, ஒரே ஒரு பேஸைத் திருடினார், அதாவது பிட்சர் எறியும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டார். அதிலிருந்துதான் அந்தத் தொடரே திரும்பியது. இன்றைக்கும் அவர் இந்த ஊரில் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியதில்லை. மேனேஜராக அலெக்ஸ் கோரா 2018-இல் கோப்பை வென்றார். முன்பு ஹூஸ்டன் அணியில் இருந்தபோது நடந்த சைகைத் திருட்டு விவகாரத்தில் (எதிரணியின் ரகசியச் சைகைகளை ஒளிந்து பார்த்த ஏமாற்று) 2020 முழுக்கத் தடை வாங்கினார், 2021-க்குத் திரும்பவும் அவரையே அழைத்துக்கொண்டார்கள். ஏமாற்றினவரை மன்னிக்கலாம், யாங்கீஸுக்குப் போனவரை மன்னிக்கக் கூடாது. இதில் நியாயம் தேடாதீர்கள். அவர்கள் தங்கள் அணியைக் கிழிகிழி என்று கிழிப்பார்கள். அதைக் கேட்டு நீங்களும் "ஆமாம், மோசமான அணி" என்று சொன்னால் எல்லோரும் உங்கள் பக்கம் திரும்புவார்கள். வீட்டு மனிதர்களை வீட்டுக்காரர் திட்டலாம், விருந்தாளி திட்டக் கூடாது.

நாளைக்கு வேலை மாறி சிகாகோவுக்கோ டல்லாஸுக்கோ போனால் அணியை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. புதிதாக வந்தவருக்கு முதல் ஐந்தாறு வருடம் சலுகை உண்டு. பிள்ளை பிறந்து, அது ஒரு தொப்பியைப் பிடித்துக்கொண்டுவிட்டால் அப்புறம் உங்கள் கையில் எதுவும் இல்லை.

ஒரு தடவை மைதானத்துக்குப் போய்விட்டு வாருங்கள். ஏப்ரல், மே வார நாட்களில் டிக்கெட் மலிவு, ராத்திரி ஆட்டம் என்றால் ஜாக்கெட், குல்லா எல்லாம் வேண்டும். சைவம் என்றால் பெரும்பாலும் பாப்கார்னும் வேர்க்கடலையும் பீட்சாவும்தான், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. பெரிய ஸ்கோர் போர்டு இருக்கும் அந்தப் பச்சைச் சுவர் 37 அடி உயரம், அதற்கு எதிர்ப்பக்கம் இடம் கிடைத்தால் நன்றாகத் தெரியும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கென்மோர் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். நீங்கள் அடுத்த ஸ்டேஷனான ஹைன்ஸ் வரை நடந்துவிடுங்கள்.