ஒரு கோப்பைத் தேநீருக்கு ஐந்து மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆங்கில முதுகலை ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

பிளஸ் டூ வகுப்பில் என் முன்னால் அறுபது பேர். பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பிழையில்லாமல் எழுத வராது. அவர்களுக்கு டென்னிசனின் யுலிசிஸ் நடத்துகிறேன், ஷேக்ஸ்பியரின் ஏழு பருவங்கள் நடத்துகிறேன். உரைநடையில், டீ போடுவது எப்படி என்று ஜார்ஜ் ஆர்வெல் 11 விதி சொல்லும் பாடம் ஒன்று. டீக்கடை மாஸ்டரைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். இதை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கடைசியில் நானும் எல்லோரையும்போல ஒரு பொதுப் பாராவை மனப்பாடம் செய்ய வைக்கிறேன். பாடத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் மாற்றி எழுதினால் இரண்டு மூன்று மதிப்பெண் தேறிவிடும்.

மேல்நிலை வகுப்பில் ஆங்கில இலக்கியத்தையும் அவர்கள் பண்பாட்டையும் எடுத்துவிட்டு, பேசவும் விண்ணப்பம் எழுதவும் மட்டும் சொல்லிக்கொடுத்தால் என்ன? இது மெக்காலே விட்டுப்போன சுமைதானே? அப்படியே, மாணவர்கள் தாங்களாகவே படிக்கும்படியான எளிய ஆங்கில நூல்கள் பத்து சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
க.

---

அன்புள்ள க.,

மெக்காலேயை விட்டுவிடுங்கள். அவர் 1859-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் எது கோளாறு என்றாலும் அவர் தலையில் கட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அறுபது பேருக்கு ஒரே பாராவை உருப்போடக் கொடுத்தது அவரல்ல, நீங்கள்.

பேச்சு ஆங்கிலம் வேண்டும்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் பேசுவதற்கு ஏதாவது விஷயம் வேண்டாமா? 'என் பெயர் இது, என் ஊர் இது' முடிந்ததும் பிள்ளை என்ன பேசும்? சரி, அது இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது அந்த டீ வரிதான். அந்தக் கட்டுரை கொஞ்ச நாளாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடலூர்ப் பக்கம் இருக்கிற என் தங்கை மகள் பிளஸ் டூ படிக்கிறாள். "மாமா, இந்தப் பாடத்துக்கு ஈஸியா ஒரு பாரா எழுதிக் குடுங்க" என்று போன் செய்தாள். கைடில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். விதி ஒன்று: இந்தியத் தேயிலையோ சிலோன் தேயிலையோதான் பயன்படுத்த வேண்டும். விதி இரண்டு: சின்ன அளவில், பீங்கான் பாத்திரத்தில் போட வேண்டும். இப்படியே வரிசையாக 11. ரயில்வே அட்டவணை வாசிப்பதுபோல வாசித்து முடித்தாள்.

அவளுடைய பூட்டி, அதாவது என் அம்மாயி, சிலோனில் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து, விடிவதற்கு முன்னால் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, கங்காணியிடம் ஏச்சு வாங்கி, கூடையை நெற்றியில் கட்டிக்கொண்டு மலை ஏறியவள். 1964-ல் சிலோன் பிரதமர் சிறிமாவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானதே, அந்தக் கணக்கில் அவளும் ஒரு தலை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதுதான். இங்கே வந்தும் கொழுந்துதான் பறித்தாள்.

ஆர்வெல் இந்தக் கட்டுரையை எழுதியது 1946 ஜனவரியில். லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் வந்தது. அவர் 'சிலோன் தேயிலை வாங்குங்கள்' என்று எழுதிய அன்றைக்கு அந்தத் தேயிலையைப் பறித்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். இரண்டே வருடத்தில், 1948-ல், சிலோன் அரசு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களில் பெரும்பாலோரை நாடில்லாதவர்களாக்கிவிட்டார்கள். அந்த வரியைத்தான் என் தங்கை மகள் 'விதி ஒன்று' என்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியருக்கும் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கத்தான் செய்வேன்.

நீங்கள் அதை டீ போடும் செய்முறைக் குறிப்பு என்கிறீர்கள். கட்டுரையை முழுதாகப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். கைடு படித்தவர்தான் சொல்வார். அந்த 1946-ஐ வகுப்பில் வைத்துப் பாருங்கள். போர் முடிந்துவிட்டது, பிரிட்டன் ஜெயித்துவிட்டது. ஆனால் வீட்டில் எதுவும் இல்லை. தேயிலைக்கு 1940 ஜூலையிலேயே ரேஷன் வந்துவிட்டது. ஆர்வெல் சொல்லும் கணக்குப்படி ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ், நம் கணக்கில் 57 கிராம் வரும். போர்க்காலத்தில்கூட ரேஷன் இல்லாத ரொட்டிக்கு, ஜெயித்த பிறகு, அதே 1946 ஜூலையில் ரேஷன் போட்டார்கள். எழுதியவர் நிலைமையும் அப்படித்தான். மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, கையில் ஒரு தத்துப்பிள்ளை.

அப்படிப்பட்ட குளிர்காலத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்துகொண்டு, டீ கெட்டியாக இருக்க வேண்டும், ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கிற கெண்டிக்குக் கும்பாரமாக ஆறு கரண்டி போட வேண்டும், தண்ணியாக இருபது கோப்பை குடிப்பதைவிடக் கெட்டியாக ஒன்று மேல் என்று எழுதுகிறார். ரேஷன் காலத்தில் இதையெல்லாம் தினமும் செய்ய முடியாது என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனாலும் விதியைத் தளர்த்த மாட்டார். அங்கேதான் சிரிப்பு இருக்கிறது. சிரிப்புக்குக் கீழே வீம்பும் இருக்கிறது. கடைசி வரியில் கணக்கைச் சொல்லிவிடுகிறார்: ஒழுங்காகப் போட்டால் 2 அவுன்ஸில் நல்ல கெட்டி டீ 20 கோப்பை பிழிந்தெடுக்கலாம். வாரத்துக்கு 20 என்றால் நாளைக்கு மூன்றுகூட இல்லை. கெண்டியை முன்கூட்டியே சூடாக்குவது, தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றுவது எல்லாம் எதற்காக என்று இப்போது புரிகிறதா?

ரேஷன் என்றால் என்ன என்று உங்கள் வகுப்பில் யாருக்காவது விளக்க வேண்டியிருக்குமா? சர்க்கரைக்கும் பாமாயிலுக்கும் அட்டையோடு போய் வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். சென்னை மாகாணத்திலும் அந்த வருடங்களில் அரிசிக்கு ரேஷன்தான். ராஜாஜி அதை எடுத்தது 1952-ல். பிரிட்டனில் தேயிலை ரேஷன் போனதும் அதே 1952-ல். ஆண்டவர்களும் ஆளப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அட்டையைக் கீழே வைத்திருக்கிறார்கள். இதை ஒரு பிரியட் தமிழிலேயே சொல்லிவிட்டு, அப்புறம் ஆங்கிலத்தில் முதல் பத்தியை வாசியுங்கள். தமிழில் சொன்னால் ஆங்கில வகுப்பு கெட்டுவிடும் என்று தலைமையாசிரியர் சொன்னால், பொதுப் பாராவில் கெடாதது இதிலா கெடும் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. சீனத் தேயிலையை ஆர்வெல் நக்கலடிக்கிறார். மலிவானது, பால் இல்லாமலும் குடிக்கலாம், ஆனால் குடித்தால் அறிவோ தைரியமோ நம்பிக்கையோ கூடின மாதிரி இல்லை என்கிறார். இதை எழுதியவர் பிறந்தது 1903-ல், பீகாரில், மோதிஹாரியில். அப்பா அபினித் துறையில் அதிகாரி. அந்த அபினி எங்கே போனது? சீனாவுக்கு. எதற்காக வெள்ளைக்காரர்கள் அதை அங்கே கொண்டுபோய் விற்க ஆரம்பித்தார்கள்? சீனாவிடம் தேயிலை வாங்க வெள்ளி கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, அதற்காக. அப்புறம் அசாமிலும் சிலோனிலும் தாங்களே பயிரிட்டு, சீனத் தேயிலையை ஓரங்கட்டினார்கள். சிலோனில் முதலில் காப்பிதான் இருந்தது. இலைநோய் வந்து காப்பி அழிந்த பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. காப்பிக்காகக் கூட்டிப் போன தமிழர்களையும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களையும் தேயிலையில் இறக்கினார்கள். ஒரு கெண்டிக்குள் இவ்வளவும் கிடக்கிறது. நீங்கள் 'அவர்கள் பண்பாடு' என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் எது அவர்களுடையது, எது நம்முடையது என்று பிரித்துக் கொடுங்கள் பார்ப்போம்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். ஆர்வெலின் கடைசி விதி, டீயில் சர்க்கரை போடக் கூடாது. போடுவதானால் மிளகும் உப்பும் போட்டுக்கொள்ளலாமே என்கிறார். என் அம்மாயிக்குச் சாகும்வரை பிளேன்டீதான். பால் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்து, இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனி வைத்துக்கொள்வாள். ஒரு நக்கு, ஒரு மடக்கு. தேத்தண்ணி தீரும்போது கையில் இரண்டு மூன்று பரல் மிச்சமிருக்கும், அதை என் வாயில் தட்டுவாள். 'உள்ளே போட்டுக் கலக்கிக் குடியேன் அம்மாயி' என்றால், 'கலக்கினா ரெண்டு கரண்டி கேக்கும்டா' என்பாள். டீக்குள் சர்க்கரை போடாத ஆர்வெலின் உண்மையான சீடப்பிள்ளை அவள்தான். காரணம் மட்டும் வேறு. இல்லை, காரணமும் அவ்வளவு வேறு இல்லை. இருக்கிறதைப் பிழிந்தெடுப்பதுதான் இரண்டு பேருக்கும் வேலை.

சாசரில் ஊற்றிக் குடிப்பதை ஏன் நாகரிகக் குறைவு என்கிறார்கள் என்றும் ஒரு கேள்வி போடுகிறார். நம் ஊர்ப் பெரியவர்கள் சாசரில் ஊற்றி, ஊதி, உறிஞ்சிக் குடித்ததை உங்கள் மாணவர்கள் யாராவது வீட்டில் பார்த்திருப்பார்கள். அந்தக் கேள்வியை வைத்தே ஒரு பிரியட் ஓடும். சாதி எப்படிக் கோப்பைக்குள் வந்தது என்ற பேச்சும் வரும். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்களில்தான் நாம் இந்தப் பாடத்தை நடத்துகிறோம். அதைப் பேசாமல் ஆங்கிலேயரின் வர்க்கப் பெருமையை மட்டும் பேசிவிட்டு வராதீர்கள்.

ஆனால் வினாத்தாளில் இது எப்படி வரும் என்று எனக்கும் தெரியும். 'ஆர்வெல் கூறும் விதிகளைத் தொகுத்து எழுதுக', ஐந்து மதிப்பெண். 2018 வாக்கில் இரண்டு தாளை ஒரே தாளாக்கி, 90 மதிப்பெண்ணுக்குச் சுருக்கிய பிறகு ஒரு பாடத்துக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அதில் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். பாராவை எழுத வையுங்கள், பிள்ளை தேற வேண்டும். நான் சண்டை போடுவது அந்தப் 'பொதுப் பாரா'வோடு. ஆர்வெலுக்கும் டென்னிசனுக்கும் ஒரே பாரா என்றால், படிக்காமலே படித்ததாகக் காட்டிக்கொள்வதற்கு அரசுச் செலவில் பயிற்சி கொடுக்கிறீர்கள். பதினேழு வயதில் அந்தப் பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் எந்த மொழியிலும் போகாது. தமிழ்க் கவிதைக்கும் அதையேதான் செய்வார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறார்கள், எனக்கு வருகிற கடிதங்களைப் பார்த்தால் தெரிகிறது.

டென்னிசன் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே புத்தகத்தில் தோரு தத் இருக்கிறார். 21 வயதில் செத்துப்போன வங்காளப் பெண். அவள் பாடுகிற மரம் கடலோர மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த சவுக்கு. நம் ஆள் அதைக் கம்புக்கும் விறகுக்கும் வெட்டுவான். அவள் அதன் நிழலில் விளையாடிய அண்ணனையும் அக்காவையும் நினைத்து அழுகிறாள். கி.ரா.வின் நாற்காலியும் அதே புத்தகத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம். இவ்வளவு இருந்தும் 'என்ன செய்வார்கள்' என்று என்னைக் கேட்கிறீர்கள்.

பத்து நூல் பட்டியல் தர மாட்டேன். பட்டியல் வாங்குகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு சரி. ஏற்கெனவே கையில் இருக்கும் இலவசப் பாடநூலில், பிளஸ் ஒன் துணைப்பாடத்தில், ஓ.ஹென்றி இருக்கிறார், சாகி இருக்கிறார், கேத்தரின் மேன்ஸ்பீல்டு இருக்கிறார். அவற்றில் ஒன்றையாவது கடைசி வரிவரை படித்த மாணவன் உங்கள் வகுப்பில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அவனுக்குப் பத்து என்ன, இருபது நூல் வாங்கி என் செலவிலேயே அனுப்புகிறேன்.

அறுபது பேரை வைத்துக்கொண்டு நீங்கள் படும் பாடு எனக்குப் புரியாமல் இல்லை. மனசு கேட்காமல்தானே ராத்திரி உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அக்கறை இல்லாதவர் எழுத மாட்டார். அந்த அக்கறையில் ஒரு பிரியடை மட்டும் எடுத்து இந்தப் பாடத்துக்குக் கொடுங்கள். பால் முதலிலா டீ முதலிலா என்பதில் பிரிட்டனில் வீட்டுக்கு வீடு இரண்டு கட்சி என்கிறார் ஆர்வெல். டீயை முதலில் ஊற்று என்பது அவர் கட்சி. அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, உங்கள் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து விடுங்கள். டீக்கடை வைத்திருப்பவர் பிள்ளை ஒன்றாவது இருக்கும், அது எழுந்து நின்று ஆர்வெலுக்கே பாடம் எடுக்கும். யார் ஜெயித்தார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.