எட்டரை மணி வரை தூக்கம்

அன்புள்ள அக்கா,

மியூனிக்கில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஒரு மாத லீவில் மும்பை சயானில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். படுக்கைக்கே வரும் ஃபில்டர் காபி, அம்மாவின் மிளகு ரசம், எட்டரை வரை தூக்கம், வாளியில் மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும் குளியல். அந்த ஊர் ஷவரில் இந்தச் சுகம் ஏது? அங்கே மனுஷங்களுக்கு ஈரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது. பி1 நிலை ஜெர்மன் மொழித் தேர்வு பாஸ் செய்தால் அங்கேயே நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் திரும்பிப் போகவே மனம் வரவில்லை. இங்கேயே இருந்துவிடலாமா?

ஆர்., சயான்

அன்புள்ள ஆர்.,

படித்து வேலைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே தரும் புளூ கார்டு, அதன் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். பி1 இருந்தால் 21 மாத வேலைக்குப் பிறகு நிரந்தர அனுமதி, அதற்குக் கீழான ஏ1 மட்டும் என்றால் 27. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மன்காரர்களின் ஈரத்தைப் பற்றியும் பேசப்போவதில்லை. இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுக் கதவை நீங்கள் எத்தனை முறை தட்டினீர்களோ!

எட்டரை என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். மழை தள்ளிப்போகிற ஜூனில் மும்பைக்காரர்களுக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. எனக்கும் ஒரு வாரமாக அதே நினைப்பு. 1860ல் விஹார், 1879ல் துள்சி, 1892ல் தான்சா என்று ஆரம்பித்து இன்று ஏழு ஏரிகள். நாசிக் மாவட்டத்திலிருந்துகூடத் தண்ணீர் வருகிறது. அதில் ஒரு பகுதி மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே ஓடிவருவதுதான். நூறு கிலோமீட்டர் தானாக வந்த தண்ணீர் கடைசி முப்பதடிக்கு மட்டும் ஒரு பொம்பளையைத் தேடும்.

தாராவியில் எங்கள் சாலில், அதாவது வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள குடியிருப்பில், அந்தப் பொம்பளை என் அம்மா. விடிகாலை நாலு மணிக்குக் குழாய்க்குள் காற்று சீறும். அம்மாவுக்கு அதுதான் அலாரம். பித்தளை ஹண்டாவை இடுப்பில் வைத்து, வரிசையில் நின்று, சண்டை போட்டு, டிரம்மை நிரப்பி முடிக்கும்போது அப்பா தோல் ஷெட்டுக்குக் கிளம்பும் நேரம் ஆகியிருக்கும். கூடமாட நான். பாவாடை நனைந்தபடியே பள்ளிக்கூடம்.

பெரியண்ணன் துபாயில் கட்டட வேலைக்குப் போனான். லீவில் வந்தால் நாங்கள் பிடித்த தண்ணீரை மோரியில், வீட்டுக்குள் குளிக்கிற மூலையில், உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மூன்று வாளி ஊற்றுவான். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை, கத்திவிட்டேன். அம்மா என் தலையில் ஒரு போடு போட்டாள். “ஏட்டி, சும்மா கெட. பிள்ள குளிக்கட்டும்.”

அன்று ராத்திரி அவனே சொன்னான்: வெயில் மாசத்தில் அங்கே மொட்டை மாடி டாங்கியிலிருந்து வரும் தண்ணீரில் கை வெந்துவிடும், ராத்திரியே வாளியில் பிடித்து ஆறவைத்தால்தான் காலையில் குளிக்கலாம் என்று. ஆகவே தம்பி, வாளிக் குளியலின் அருமை எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அந்த மூன்று வாளியை அவனிடமிருந்து யாரும் பறித்திருக்கக் கூடாது. நானும்தான்.

அம்மாவுக்கு எது சுகம் என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது, தாமிரபரணியில் குளித்துவிட்டு வந்து சித்தி வீட்டுத் திண்ணையில் பட்டப்பகலில் தூங்கிவிட்டாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள், காய்ச்சலோ என்று.

ஞாயிறு பால் பாக்கெட்டுக்கு வருகிறேன். ஞாயிறு ஓய்வுக்கு ஜெர்மன் அரசியல் சாசனத்திலேயே பாதுகாப்பு உண்டு. நீங்கள் குறை சொல்கிற அந்தப் பூட்டிய கடையில் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அன்று லீவு. உங்கள் அம்மாவுக்கு எந்தக் கிழமை லீவு? மியூனிக்கில் காபியை யார் போட்டது? தட்டை யார் கழுவியது? நீங்கள்தானே? விமானம் இறங்கியதும் அந்தக் கைக்கு என்ன ஆயிற்று? “வீட்டில் இருக்கிறபோதாவது ஓய்வெடு” என்று அம்மாவே சொல்வார்கள், தெரியும். என் அம்மாவும் சொன்னாள். அவர்கள் சொல்வார்கள், நீ கேட்டுக்கொண்டு போர்த்திக்கொண்டு படுப்பதா?

உங்கள் கட்டடத்தில் மோட்டார் இருக்கலாம், டாங்கி இருக்கலாம். இருந்தாலும் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, யார் எழுந்து பிடிக்கிறார்கள் என்று அம்மாவைக் கேளுங்கள். லீவு முடியும்வரை அந்த நேரம் உங்களுடையது. இருப்பதா போவதா என்பதை அதற்கப்புறம் யோசிக்கலாம். அந்தக் கேள்வியே அப்போது வேறு மாதிரி இருக்கும் என்பது என் சந்தேகம்.

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராம் ஆஷ்ரயா ஹோட்டல் காலை 5 மணிக்கே திறந்துவிடும். அம்மாவைக் கூட்டிப் போங்கள். தண்ணீர் பிடித்துவிட்டு.