நெல்லிக்காய் சாறு: பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், பழத்தை நறுக்கிப் பாருங்கள்

கேள்வி: தினமும் காலையில் குடிக்க ஒரு லிட்டர் நெல்லிச் சாறு பாட்டில் வாங்குகிறோம். முன்பக்கத்தில் ‘தூய நெல்லிச் சாறு’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். குடித்தால் புளித்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?

முன்பக்கத்தில் இருப்பதெல்லாம் விளம்பரம். பாட்டிலைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். எடை அதிகமுள்ள பொருளில் தொடங்கி இறங்கு வரிசையில்தான் அதை அச்சிட வேண்டும் என்பது விதி. தண்ணீர் முதலில் இருந்தால், உங்கள் காசில் பெரும்பகுதி தண்ணீருக்குப் போகிறது.

அடுத்து எண்களைப் பாருங்கள். ஐ.என்.எஸ். என்பது உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண் வரிசை. அதில் 211 என்றால் சோடியம் பென்சோயேட், 202 என்றால் பொட்டாசியம் சார்பேட். இரண்டும் கெடாமல் காக்கச் சேர்ப்பவை. விதித்த அளவுக்குள் இருந்தால் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பாட்டிலில் இருந்து, வெயிலும் சூடும் பட்டால் மிகச் சிறிய அளவில் பென்சீன் என்ற, புற்றுநோய் வரவழைக்கக்கூடிய பொருள் உருவாக வாய்ப்புண்டு. அதனால் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய பாட்டிலை எடுக்காதீர்கள். 330 சிட்ரிக் அமிலம். நீங்கள் சொல்லும் புளிப்பு அதிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 300 என்பது அஸ்கார்பிக் அமிலம், அதாவது தனியாகக் கலந்த வைட்டமின் சி. அது இருந்தால், லேபிளில் சொல்லும் வைட்டமின் சி முழுக்க நெல்லிக்காயிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஒரே அலமாரியில் இரண்டு வகைப் பாட்டில்கள் நிற்கும். உணவாக விற்பதில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். ஆயுர்வேத மருந்தாக விற்பதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். அதில் உணவுக்கு உரிய ஊட்டச்சத்து அட்டவணையைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. எது எந்த வகை என்று தெரியாமல் விலையை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. அடர்சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாரித்த பழச்சாற்றுக்கு ‘100 சதவீதம் பழச்சாறு’ என்று போடக்கூடாது என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஜூனில் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு தயாரித்த பாட்டிலிலும் அப்படி அச்சிட்டிருந்தால், படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

எங்களைக் கேட்டால், பாட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தைப் பழத்துக்குக் கொடுங்கள் என்போம். கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கால் கிலோவில் நான்கு டம்ளர் தேறும். டம்ளருக்கு 5 ரூபாய். மசாலா சாமான் தனி.

கேள்வி: நாட்டு நெல்லி நல்லதா, ஒட்டு நெல்லி நல்லதா? பார்க்கப் பளபளவென்று இருந்த காய்களை வெட்டினால் உள்ளே கறுத்திருக்கிறதே, ஏன்?

சாற்றுக்கு ஒட்டு நெல்லி வசதி. காய் பெரிது, கொட்டை போக நிறையச் சதை மிஞ்சும், நாரும் குறைவு. மலையிலிருந்து வரும் சின்ன நாட்டு நெல்லியில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். கொட்டை எடுப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அதை உப்பில் ஊறப்போடவும் ஊறுகாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள். அரைநெல்லி வேறு மரத்துக் காய், இந்தக் கணக்கில் வராது.

இளம்பச்சையில் லேசாக மஞ்சள் ஓடி, தோல் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் காயாக எடுங்கள். அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். காம்புப் பக்கம் பழுப்புப் புள்ளியோ நசுங்கலோ இருந்தால் ஒதுக்குங்கள். வெளியே நன்றாக இருந்து உள்ளே கறுத்திருப்பது பெரும்பாலும் மரத்துக்குப் போரான் சத்து குறைந்ததால் வருவது. சில ரகங்களில் இது அதிகம். வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதனால் மொத்தமாக வாங்கும்போது கடைக்காரரை இரண்டு காயை நறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். கறுத்த பகுதி கசக்கும், சாற்றின் நிறத்தையும் கெடுக்கும்.

கேள்வி: இஞ்சி, கறிவேப்பிலை, மிளகு எல்லாம் போட்டு வீட்டில் செய்ய அளவு சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ருசி வருகிறது.

கண்ணளவில் போட்டால் அப்படித்தான் வரும். நான்கு டம்ளருக்கு இந்த அளவு சரியாக இருக்கும்:

பெருநெல்லி 250 கிராம் (பெரிய காயாக இருந்தால் ஆறு), தோல் சீவிய இஞ்சி ஓர் அங்குலத் துண்டு, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, புதினா பத்து இலை, மிளகு எட்டு, சீரகம் அரை டீஸ்பூன், இந்துப்பு அரை டீஸ்பூன், குளிர்ந்த தண்ணீர் மொத்தம் 600 மில்லி.

முதலில் சீரகத்தை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மிளகோடு சேர்த்துப் பொடித்து வையுங்கள். மிளகை முழுதாக மிக்ஸியில் நெல்லியோடு போட்டால் அரைபடாது. வடிகட்டியில் தங்கிவிடும், காரம் சாற்றில் இறங்காது.

நெல்லிக்காயின் மேல் ஆறு கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அந்தக் கோட்டிலேயே கத்தியை வைத்து அழுத்தினால் சுளை சுளையாகக் கழன்று வரும். கொட்டை ஒன்றுகூட ஜாருக்குள் போகக் கூடாது. உடைந்தால் கசப்பும் நறநறப்பும் சேரும்.

சுளைகளையும் இஞ்சியையும் தண்ணீர் விடாமல் நாலைந்து தடவை விட்டுவிட்டு ஓட்டுங்கள். பிறகு 150 மில்லி தண்ணீர் விட்டு அரை நிமிடம் அரைக்கவும். கறிவேப்பிலையும் புதினாவும் இப்போது உள்ளே போக வேண்டும். பத்து விநாடி போதும். இலையை முதலிலிருந்தே அரைத்தால் சாறு பச்சையாகக் கசக்கும். ருசி மாறி மாறி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். புதினாத் தண்டும் அப்படித்தான், இலையை மட்டும் கிள்ளிப் போடுங்கள்.

மெல்லிய துணியில் பிழிந்து எடுங்கள். சக்கையைத் திரும்ப ஜாரில் போட்டு 100 மில்லி விட்டு இன்னொரு சுற்று ஓட்டிப் பிழியுங்கள்; சக்கையில் இன்னும் சாறு இருக்கும். இரண்டையும் சேர்த்து, மீதித் தண்ணீர், பொடி, இந்துப்பு கலந்தால் தயார். உப்பு துவர்ப்பை அடக்கும், அதனால் சர்க்கரை போடும் ஆசையும் குறையும். தேன் வேண்டுமானால் குடிக்கும்போது டம்ளருக்கு ஒரு டீஸ்பூன். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது.

சக்கையைக் கொட்ட வேண்டாம். வறுத்த உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், ஒரு பிடி தேங்காய் சேர்த்து அரைத்தால் தயிர்சாதத்துக்கு நல்ல துவையல்.

கேள்வி: செய்த கொஞ்ச நேரத்தில் சாறு கருநீலமாகிவிட்டது. குடிக்கலாமா?

இரும்புக் கத்தியோ, துருவேறிய பிளேடோ காரணம். நெல்லியின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் இப்படிக் கறுக்கும். மை செய்யும் பழைய முறையே இதுதான். விஷமில்லை, ஆனால் உலோக வாடை அடிக்கும். எவர்சில்வர் கத்தி, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை, செம்பு வேண்டாம். கருநீலமாக இல்லாமல் மெதுவாகப் பழுப்பேறினால் காற்றுப் பட்டதன் விளைவு; உடனே குடிப்பதே வழி.

கேள்வி: மிக்ஸி சூட்டில் வைட்டமின் சி போய்விடும், சூடேறாமல் மெதுவாகப் பிழியும் கோல்டு பிரஸ் ஜூசர் வாங்குங்கள் என்கிறார்கள். தேவையா?

நெல்லிக்காக மட்டும் என்றால் தேவையில்லை. அரை நிமிட ஓட்டத்தில், அதுவும் குளிர்ந்த தண்ணீரில், பெரிய இழப்பு இருக்காது. வைட்டமின் சி பறிபோவது அதற்குப் பிறகுதான்: திறந்து வைத்த பாத்திரத்தில், வெளிச்சத்தில், மணிக்கணக்கில். கேரட், பீட்ரூட், ஆரஞ்சு என்று தினமும் பிழியும் வீட்டுக்கு ஜூசர் உபயோகப்படலாம். மற்றபடி மிக்ஸியும் ஒரு முழ மல் துணியும் போதும். வாங்கியே தீருவது என்றால் கடையில் நெல்லிக்காயைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆரஞ்சில் அழகாக வேலை செய்யும் மாடல் நெல்லி நாரில் திணறுவதுண்டு. உதிரி வடிகட்டி தனியாகக் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். கண்ணாடிப் பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள். தேன் கலந்து வெளியே வைத்த சாறு நுரைத்துப் புளிக்கும். திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று வந்தால் கொட்டிவிடுங்கள்.

வாரம் முழுக்க வேண்டும் என்றால், மீதித் தண்ணீர் சேர்க்காமல் முதல் பிழிவை மட்டும் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃபிரீசரிலேயே வையுங்கள். ஒரு டம்ளருக்கு இரண்டு கட்டி. மசாலாப் பொடியும் உப்பும் அப்போதைக்கு அப்போது.

கேள்வி: சுரைக்காயும் சேர்த்து அரைக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை ஓடுகிறது. கொடுக்கலாமா?

முதலில் சுரைக்காய். கசக்கும் சுரைக்காய்ச் சாறு உயிருக்கே ஆபத்தாகலாம். கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். தனியாகக் குடித்தால் கசப்பு நாக்கில் தெரிந்து துப்பிவிடுவோம். நெல்லியோடு அரைத்தால் புளிப்பும் துவர்ப்பும் அந்தக் கசப்பை மறைத்துவிடும், அதுதான் வம்பு. கட்டாயம் சேர்ப்பதென்றால் ஒவ்வொரு காயிலும் ஒரு துண்டைப் பச்சையாகக் கடித்துப் பாருங்கள். லேசாகக் கசந்தாலும் காயையே எறியுங்கள். எங்கள் கருத்தில் இந்தக் கலவைக்கு அவசியமே இல்லை. சுரைக்காயைக் கூட்டு வைத்துக்கொள்ளலாம், அப்போதும் கசப்பு பார்த்துத்தான்.

அப்பாவுக்கு: நெல்லி ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது, மாத்திரையும் அதையே செய்கிறது. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அரை டம்ளரில், தேன் இல்லாமல், சாப்பாட்டோடு ஆரம்பியுங்கள். வெறும் வயிறு வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், சிறுநீரகக் கல் வந்தவர்களும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை நம்புவது கூடாது.

அளவு கூட்டினால் பலன் கூடும் என்றும் இல்லை. ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வைட்டமின் சி போதும் என்பது ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரை, ஒரு பெரிய நெல்லிக்காயிலேயே அது ஏறக்குறைய வந்துவிடும். குடித்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல் துலக்குவதை அரைமணி நேரம் தள்ளிப்போடட்டும், புளிப்பில் இளகியிருக்கும் பல் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும்.