கதிர்வீச்சுக்குப் பின் எலும்பு மஜ்ஜை: கேள்வி பதில்

கே: கதிர்வீச்சு பட்டவருக்கு, வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி எப்படி உதவுகிறது?

ப: ரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜைச் செல்கள் ஓயாமல் பிரிபவை. பிரியும் செல்லைத்தான் கதிர்வீச்சு எளிதில் கொல்லும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. புது வரத்து நின்றால் கிருமிகளைத் தடுக்க ஆளில்லை. ஃபில்கிராஸ்டிம் என்ற ஜி-சிஎஸ்எஃப் மருந்து, தப்பிப் பிழைத்த முன்னோடிச் செல்களை (வெள்ளணுவாக முதிரவேண்டிய இளம் செல்களை) சாகவிடாமல் தாங்கி, வேகமாகப் பிரியவும் முதிரவும் வைக்கிறது. 7.4 கிரே (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பட்ட குரங்குகளில் ஊசி போட்ட 24-ல் 19 பிழைத்தன. போடாத 22-ல் 9 மட்டுமே. மனிதர்களிடம் இப்படிச் சோதிக்க முடியாது என்பதால், இதை வைத்தே அமெரிக்கா 2015-ல் அனுமதி தந்தது.

ஒன்றை மறக்காதீர்கள்: தப்பிய செல் ஒன்றுமே இல்லையென்றால் ஊசிக்கு வேலையில்லை.

கே: அயோடின் மாத்திரை போதாதா?

ப: போதாது. அது தைராய்டை மட்டும், கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும் காக்கும்.

கே: செர்னோபிலில் மஜ்ஜையையே மாற்றினார்களே, அது மேல் இல்லையா?

ப: 1986-ல் அந்த அணு உலை விபத்துக்குப் பின் 13 பேருக்கு மாற்றினார்கள். 2 பேர்தான் பிழைத்தார்கள். அவர்களுக்கும் சொந்த மஜ்ஜையே மீண்டும் வேலை செய்தது.

கே: (அதே வாசகர்) அப்படியென்றால் மஜ்ஜை மாற்று சிகிச்சையே வீண் என்கிறீர்களா?

ப: இல்லை. அங்கே பலருக்குத் தோலும் குடலும் கடுமையாக வெந்திருந்தன. மஜ்ஜையை மட்டும் மாற்றி அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. தவிர, விபத்தில் கதிர்வீச்சு உடல் முழுதும் ஒரே அளவாக விழுவதில்லை. ஏதோ ஒரு எலும்பின் மறைவில் எல்லா ரத்த அணுக்களுக்கும் மூலமான குருத்தணுக்கள் கொஞ்சம் தப்பியிருக்கும். அவற்றுக்கு முதலில் வாய்ப்புத் தரவேண்டும். மஜ்ஜை அறவே அழிந்து, மற்ற உறுப்புகள் தாங்கும் நிலையில் இருந்தால், அப்புறம் மாற்று சிகிச்சையை யோசிக்கலாம்.

கே: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தால் பப்பாளி இலைச்சாறு?

ப: வேண்டாம். அதற்கு ரோமிப்ளோஸ்டிம் ஊசி இருக்கிறது. கதிர்வீச்சுப் பாதிப்புக்கென்று 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

கே: அம்மாவுக்கு மார்பில் கதிர் சிகிச்சையும் கீமோவும் சேர்ந்து நடக்கிறது. ஊசி கேட்கலாமா?

ப: அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் மட்டும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக நடக்கும்போது இந்த ஊசி பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது.

கே: அயோடின் மாத்திரை வீட்டில் வாங்கி வைக்கலாமா?

ப: மேலே சொல்லிவிட்டேன். மஜ்ஜைக்கு அது மருந்தே இல்லை.

கே: ஊசியை எப்போது தொடங்கவேண்டும்?

ப: 2 கிரேக்கு மேல் பட்டிருக்கும் என்று சந்தேகம் வந்த உடனே. ரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதோடு ஆன்டிபயாட்டிக், ரத்தமேற்றல், சுத்தமான தனியறை எல்லாம் வேண்டும்.